பரங்கி ரொட்டி வெந்த ஞாயிறு

அத்தியாயம் 14

சேவுகப்பெருமாளின் கட்டில் காலியாக இருந்தது.

மணி ஐந்தே முக்கால். போர்வையை மடித்துத் தலையணைமேல் வைத்திருந்தார். கொடியில் எப்போதும் கிடக்கும் நாலு வேட்டியில் ஒன்றுகூட இல்லை. மஞ்சள் பை இல்லை. செருப்பும் இல்லை.

நாகஜோதி வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். பால்காரர் சைக்கிளை நிறுத்தினார்.

"பெரியவரு முத பஸ்ஸுக்கு நின்னாரே டீச்சர். பையும் கையுமா எங்க போறாரு?"

"ஒரு சோலியாப் போறாக" என்றாள். எங்கே என்று அவளுக்கும் தெரியாது.

எட்டு நாளைக்கு முன்னால், ராத்திரிச் சோறு போட்டுக்கொண்டே அவள் மாமனாரிடம் சொல்லியிருந்தாள்: "மாமா, காரைக்குடி அழகுசுந்தரத்தை நான் கல்யாணம் பண்ணிக்கிறதா இருக்கேன். வர்ற ஞாயித்துக்கிழமைக்கு மறு ஞாயித்துக்கிழமை, அவரும் அவரு அக்காவும் பேச வர்றாக." சேவுகப்பெருமாள் இலையைப் பார்த்தபடியே, "ரசத்தை ஊத்து" என்றார். அதோடு சரி. அன்றிலிருந்து "தண்ணி குடு", "கதவைச் சாத்து" தவிர அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

அந்த மறு ஞாயிறுதான் இன்றைக்கு. பதினொரு மணிக்கு ஆட்கள் வரப்போகிறார்கள். வீட்டுப் பெரியவரைக் காணோம்.

வேறொருத்தியாக இருந்தால் போனை எடுத்து நாலு பக்கமும் விசாரித்திருப்பாள். நாகஜோதி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நாற்பத்து மூன்று வயது. பதினெட்டு வருஷமாகப் பள்ளத்தூர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர். புருஷன் சேதுபதி ரோட்டு விபத்தில் போய் ஏழு வருஷம் ஆகிவிட்டது. அந்த ஏழு வருஷமும் இந்த வீட்டையும், மகளையும், மாமனாரையும் கையைப் பிசையாமல் தாங்கி வந்தவள். இன்றைக்கு மட்டும் பிசைவானேன்?

சௌபர்ணிகா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். காரைக்குடியில் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறாள்.

"அம்மா, அய்யா எங்க?"

"பஸ் ஏறிப் போயிருக்காக."

"எங்குட்டு?"

"தெரியாது."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான்."

சௌபர்ணிகா தாத்தாவின் கட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "வேட்டியெல்லாம் எடுத்துட்டுப் போயிருக்காகம்மா. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாக."

"உங்க அய்யாவுக்குக் கோவம் வந்தா தெருவுக்கே கேக்கும். இது கோவம் இல்ல."

"பின்ன என்ன? மூணு நாளைக்கு முன்னால தோட்டத்துல இருந்து ஒரு பரங்கிக்காயைக் கொண்டாந்து அடுப்படியில வச்சாகளே, அது சம்மதம்னு அர்த்தமா?"

"அது பரங்கிக்காய்னு அர்த்தம். எடு, அருவாமனையில வச்சு வெட்டு."

நல்ல பழம். தோல் வெண்சாம்பல் பூத்து, உள்ளே மாம்பழ நிறத்தில் இருந்தது. சௌபர்ணிகா கீற்றுக் கீற்றாக வெட்டி விதையைச் சுரண்டினாள். நாகஜோதி இட்லிச் சட்டியில் தட்டு வைத்து அவற்றை ஆவியில் அவித்தாள். தண்ணீரில் போட்டு வேகவைக்கக் கூடாது. பரங்கியிலேயே வேண்டிய தண்ணீர் இருக்கிறது. வெந்ததை மசித்து, வெள்ளைத் துணியில் கட்டி, குழாய்மேல் தொங்கவிட்டாள். மஞ்சள் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்தது.

"பொண்ணு பாக்க வந்தா கேசரி பஜ்ஜிதானம்மா குடுப்பாக? ரொட்டி குடுக்கிற வீட்டை நான் கேள்விப்பட்டதே இல்ல."

"நான் பொண்ணா? காலேஜு போற பிள்ளைக்கு ஆத்தா. எனக்கு எது நல்லா வருமோ அதைத்தான் வைப்பேன்."

உண்மையில் நேற்றே சுட்டிருக்க வேண்டும். பரங்கி ரொட்டிக்கு மறுநாள்தான் ருசி கூடும். பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமையும் சிறப்பு வகுப்பு வைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வரும்போதே விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.

பட்டை, கிராம்பு, ஒரு அன்னாசிப்பூ, விரல் நீளம் சுக்கு. லேசாக வறுத்து இடித்தாள். ஜாதிக்காயைத் துருவியில் நாலு இழுப்பு இழுத்தாள். தூளாக்கிய கருப்பட்டியோடு மூன்று முட்டையை அடித்து, கடலெண்ணெயும் தயிரும் ஊற்றி, வடிந்த பரங்கியைச் சேர்த்தாள். கோதுமை மாவு பாதி, மைதா பாதி, அளவாய்ச் சோடா உப்பும் பேக்கிங் பவுடரும்.

"குடும்மா, நான் கிண்டுறேன்."

"மாவு போட்ட பிறகு பத்துக் கிண்டுக்கு மேல கூடாது. கிண்டக் கிண்ட ரப்பர் ஆயிரும்."

ரொட்டித் தகரத்தில் முக்கால் அளவுக்கு ஊற்றி, மேலே அந்தப் பரங்கியின் விதையையே உரித்துத் தூவி, ஒன்பது மணிக்குப் பெட்டிக்குள் வைத்தாள்.

பெட்டி என்றால் மின்சார அவன். வாங்கிய புதிதில் சௌபர்ணிகா, "அம்மா, அவன் சூடாயிருச்சு!" என்று கத்த, கூடத்திலிருந்த சேவுகப்பெருமாள், "எவன்? என்னாத்துக்குச் சூடானான்?" என்று கம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து அது பெட்டிதான்.

அந்தப் பெட்டியால்தான் எல்லாமே. முதலில் சுட்ட ஆறு ரொட்டியும் வெளியே ரொட்டி, உள்ளே களி. ஏழாவது ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு, பெட்டியை ஆட்டோவில் ஏற்றி, காரைக்குடியில் மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடைக்குப் போனாள் நாகஜோதி. கடைக்காரர் பெட்டியைத் திறக்குமுன் ரொட்டியைக் கேட்டு வாங்கி, ஒரு விள்ளல் பிய்த்துத் தின்று பார்த்தார். "உங்க கையில தப்பில்ல டீச்சர். பெட்டி பொய் சொல்லுது. நூத்தெண்பதுன்னு காட்டுது, உள்ள நூத்தம்பதுதான் இருக்கும்." அளந்து பார்த்தபோது அப்படியே இருந்தது. அவர்தான் அழகுசுந்தரம். நாற்பத்தெட்டு வயது. விவாகரத்தாகிப் பதினாலு வருஷமாகத் தனிக்கட்டை. ஒரு வருஷம் பழகிய பிறகு கேட்டதும் நாகஜோதிதான்: "நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா என்ன?"

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "பண்ணிக்கலாமே" என்றார் அவர்.

பெட்டிக்குள் ரொட்டி வைத்து இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருக்கும். அப்போதுதான் நடு மேலே எழும்ப ஆரம்பித்தது. வாசலில் ஆட்டோச் சத்தம்.

"அம்மா, வந்துட்டாக! மணி ஒம்போதரைகூட ஆகலை!"

அழகுசுந்தரம் வெள்ளைச் சட்டையில் தர்மசங்கடமாக நின்றார். பக்கத்தில் அவருடைய அக்கா பொன்னழகு, கையில் பூவும் பழமும் வைத்த தட்டு. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறாக்கிப் போட்ட தோரணை நடையிலேயே இருந்தது.

"வாங்க அக்கா. வாங்க."

"நான்தான் முன்னாடியே கிளம்பச் சொன்னேன்" என்றார் பொன்னழகு, கூடத்தைச் சுற்றிப் பார்த்தபடி. "சொன்ன நேரத்துக்குப் போனா ஒதுங்க வச்ச வீட்டைத்தான் பாக்கலாம். முன்னாடி போனாத்தான் வீடு வீடா இருக்கும்."

"நல்லாப் பாருங்க. அடுப்படியில பாதி மாவு என் சேலையிலதான் இருக்கு."

பொன்னழகு சிரிக்கவில்லை. ஆனால் அடுப்படிக்கு நேராக நடந்தார். பட்டையும் கிராம்பும் பரங்கியும் கலந்த வாசனை அவரை இழுத்தது. பின்னாலேயே வந்த அழகுசுந்தரம் பழக்கதோஷத்தில் பெட்டியின் கதவில் கை வைத்தார்.

"தொடாதீக. இன்னும் முப்பத்தஞ்சு நிமிசம் இருக்கு. திறந்தா அமுங்கிப் போகும்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். பொன்னழகு தம்பியை ஒரு பார்வை பார்த்தார். அவர் வீட்டில் தம்பியை யாரும் இப்படி அதட்டியதில்லை போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் காத்தாடி நின்றது. பெட்டியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

"கரண்டு போச்சு!" என்றாள் சௌபர்ணிகா. "அம்மா, ரொட்டி போச்சு!"

"இன்வெர்ட்டரு இருந்தாலும் பெட்டிக்குப் பத்தாது" என்றார் அழகுசுந்தரம். "பாதி வெந்துருக்கும். பத்து நிமிசத்துல சூடு இறங்கிரும் டீச்சர்."

"பத்து நிமிசம் இருக்குல்ல, அது போதும். சௌபர்ணி, பின்பக்கம் இருந்து அந்தப் பெரிய குண்டானை எடுத்தா. மணலோட."

அடி கனத்த அலுமினியக் குண்டான். பெட்டி வாங்குவதற்கு முன்னால் அதில்தான் மணலைச் சூடாக்கி அவள் கேக் சுட்டுப் பழகினாள். கேஸ் அடுப்பில் தூக்கி வைத்துத் தீயை முழுசாகத் திறந்தாள்.

பொன்னழகு தட்டைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு முந்தானையை இடுப்பில் செருகினார்.

"மணலைச் சமமாப் பரப்பு. நடு மேடா இருந்தா ஒருபக்கம் தீயும். மேல வைக்க முக்காலி இருக்கா?"

"இருக்கு அக்கா. இந்தாங்க."

"மூடி? ஆவி போகாத மூடியா எடு. சுந்தரம், அந்த அம்மிக் குழவியைக் கொண்டா, மூடி மேல பாரம் வைக்கணும்."

கையில் பூத்தட்டோடு நின்ற மாப்பிள்ளை குழவியைத் தேடிப் போனார்.

எட்டாவது நிமிஷம் நாகஜோதி பெட்டியைத் திறந்தாள். ஓரம் இறுகியிருந்தது. நடு இன்னும் தளதளத்தது. ஒரே தூக்கில் தகரத்தைக் குண்டானுக்குள் இறக்க, பொன்னழகு அதே நொடியில் மூடியைப் போட்டார். மேலே குழவி ஏறியது. நாகஜோதி தீயைக் குறைத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாப்பது நிமிசம்."

"அவ்வளவு ஆகாது, முப்பத்தஞ்சு போதும்" என்றார் பொன்னழகு.

"நாப்பது. பரங்கி ஈரம் அக்கா. பாசிப்பருப்பு இல்ல."

பொன்னழகு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். நாற்பதாவது நிமிஷம் தென்னை ஈர்க்கைக் குத்தி எடுத்தபோது, நுனியில் இரண்டு ஈரத் துகள் மட்டும் ஒட்டியிருந்தது. சரியான பதம். நடுவில் மட்டும் விரல் ஆழத்துக்கு ஒரு பள்ளம்.

"பள்ளம் விழுந்துருச்சே" என்றாள் சௌபர்ணிகா.

"விழட்டும். ருசியில விழலை."

ரொட்டியைக் கம்பித் தட்டில் கவிழ்த்து ஆறவைத்துவிட்டு எல்லோரும் கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். கரண்டும் வந்துவிட்டது. காப்பி குடித்து முடித்ததும் பொன்னழகு தம்ளரைக் கீழே வைத்தார். வேலை செய்தபோது இருந்த முகம் மாறி, பேச வந்த முகம் வந்தது.

"உங்க மாமா எங்க? கண்ணுல காங்கலையே."

நாகஜோதி சுற்றி வளைக்கவில்லை. "காலையில முத பஸ்ஸுல போயிருக்காக. எங்கேன்னு எனக்குச் சொல்லலை."

"அப்ப அவருக்குச் சம்மதம் இல்லையா?"

"தெரியலை அக்கா. எட்டு நாளைக்கு முன்னால சொன்னேன். இன்னும் பதில் வரலை."

அழகுசுந்தரம் நிமிர்ந்தார். "என்கிட்ட சொல்லலையே?"

"பதில் வந்த பிறகு சொல்லலாம்னு இருந்தேன்."

பொன்னழகு எழுந்துவிட்டார். "பெரியவர் இல்லாத வீட்டுல நாங்க என்னத்தைப் பேசுறது? நாளைக்கு ஊரு என்ன சொல்லும்? வயசான மனுசனை விரட்டிட்டுக் கட்டிக்கிட்டான்னு சொல்லும். என் தம்பி ஒரு தடவ பட்டது போதும். அந்தப் பேரு வேற அவனுக்கு வேண்டாம். எந்திரி சுந்தரம்."

அழகுசுந்தரம் எழவில்லை. நாகஜோதியைப் பார்த்தார்.

"உக்காருங்க அக்கா" என்றாள் அவள். குரல் உயரவில்லை. கடைசி பெஞ்சுவரை கேட்கிற குரல் அது. "பேச வேண்டியவ நான் இங்கதான இருக்கேன். மாமா வந்தாலும் வராட்டாலும் நான் சொல்லப்போறது ஒண்ணுதான். அவக எங்க போயிருந்தாலும் நான் போய்க் கூட்டிட்டு வந்துருவேன். அவக இருக்கிற வரைக்கும் நான் இந்த வீட்டை விட்டு வரமாட்டேன். கல்யாணம் ஆனா உங்க தம்பிதான் இங்குட்டு வரணும்."

"என்னது? வீட்டோட மாப்பிள்ளையாவா?"

"நாப்பத்தெட்டு வயசுக்கு மாப்பிள்ளை என்னக்கா? வீட்டோட மனுசன்னு வச்சுக்கங்க."

சௌபர்ணிகா வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னழகின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

வெளியே இரும்புக் கேட் கிறீச்சிட்டது.

சேவுகப்பெருமாள் வியர்வையில் நனைந்த நெற்றியோடு உள்ளே வந்தார். எழுபத்து நாலு வயதிலும் முதுகு வளையவில்லை. மஞ்சள் பை வெறும் பையாக மடிந்து அக்குளில் இருந்தது.

"வாங்க, வாங்க. உக்காருங்க. பதினோரு மணின்னுதான இவ சொன்னா? அதுக்குள்ள வந்துரலாம்னு பாத்தேன். கோட்டையூர்ல பஸ்ஸு நின்னு போச்சு." எட்டு நாள் மௌனத்தை ஒரு மூச்சில் உடைத்துவிட்டு, செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்தார். "தாயி, என்ன வாசம் இது? தெருமுக்கு வரைக்கும் வருது."

"உங்க பரங்கிக்காய்தான். எங்க போனீக மாமா?"

"தேவகோட்டைக்கு. சின்னவன் வீட்டுக்கு."

சின்னவன் வீரபாண்டியன். சேதுபதியின் தம்பி. தேவகோட்டையில் லாரி வைத்து ஓட்டுகிறவன். பொங்கலுக்குப் பொங்கல் வருவான். முன்கோபத்துக்குப் பேர்போனவன்.

"துணிமணியை அங்குட்டு வச்சிட்டு வந்துட்டேன். இனிமே அங்கதான் இருக்கப் போறேன். இன்னைக்கு இவுக வர்றாகளேன்னு, பேசிட்டுப் போகலாம்னு வந்தேன்."

நாகஜோதி செம்பை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? நான் இங்க இருந்தா நீ காரைக்குடிக்குப் போகமாட்ட. எனக்குத் தெரியாதா உன்னைய? ஏழு வருசத்துல ஒரு ராத்திரி உன் ஆத்தா வீட்ல தங்குனதில்ல, எனக்குக் கஞ்சி காய்ச்ச ஆளில்லைன்னு. என்னையச் சாக்கா வச்சு நீ நின்னுறக் கூடாது. அதான் நீ சொல்லுறதுக்கு முன்னாலயே நான் கிளம்பிட்டேன்."

"இதைத்தான் எட்டு நாளா யோசிச்சீகளா?"

சேலைத் தலைப்பில் மாவோடு நின்ற மருமகளைக் கிழவர் ஒருதரம் பார்த்தார். "முத ரெண்டு நாளு சேதுபதியையே நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் உன்னைய நெனச்சேன். என்னையப் பத்தி நேத்துத்தான் நெனச்சேன். எனக்கு நாளாகும் தாயி."

நாகஜோதி அவர் பக்கம் ஓரடி வைத்தாள். அடுத்த நொடி கோபம் வந்தது.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"நீ கல்யாணத்தை என்கிட்ட கேட்டியா? சொன்ன. நானும் சொல்லுறேன்."

பொன்னழகு சட்டென்று சிரித்துவிட்டார். பிறகு, வந்த காரியம் நினைவுக்கு வந்தவராக, "அப்ப எல்லாம் சரியாப் போச்சு. பெரியவரு மகன் வீட்டுக்குப் போறாரு, டீச்சர் காரைக்குடிக்கு வர்றாக" என்றார். "ஊரு பேசுறதுக்கும் ஒண்ணும் இல்ல."

"ஊரா?" சேவுகப்பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டார். "எங்க சின்னாத்தா ரெண்டாவது வாக்கப்பட்டவதான். நாலு பிள்ளை பெத்து நல்லா இருந்தா. அன்னைக்கும் ஊரு பேசுச்சு. பேசுன ஆளுகளே அவ மக கல்யாணத்துல பந்தி பரிமாறுனாக."

"ஊரை விடுங்க" என்றாள் நாகஜோதி. "நீங்க எங்கயும் போகலை மாமா. நான் இவுககிட்ட முடிவாச் சொல்லிட்டேன்."

"நானும் சின்னவன்கிட்ட முடிவாச் சொல்லிட்டேனே."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள். விட்டுக்கொடுக்கிறதில் இவ்வளவு பிடிவாதமாகச் சண்டை போடுகிற இரண்டு பேரைப் பொன்னழகு அதுவரை பார்த்ததில்லை.

அழகுசுந்தரம் அப்போதுதான் வாயைத் திறந்தார். அளந்து பேசுகிற மனிதர். பேசுமுன் பூத்தட்டை நகர்த்தி வைத்தார்.

"ஐயா, என் வீட்டுல ஒரு கட்டிலு, ஒரு அடுப்பு, பழுதான மிக்சி நாப்பது கிடக்கு. இதுல எதை விட்டுட்டு வரமுடியாதுன்னு நான் யோசிக்கணும்? பள்ளத்தூர்ல இருந்து காரைக்குடிக்கு பஸ் இருக்கு. கடையை ஒம்போதரைக்குத் திறந்தாப் போதும். நான் இங்க வந்துர்றேன். நீங்க இல்லாத வீட்டுக்கு வந்தா, 'அவன் சூடாயிருச்சு'ன்னதும் கம்பை எடுத்துட்டு வர்றதுக்கு ஆளு இருக்காது."

"அதை வேற சொல்லிட்டாளா உங்ககிட்ட?" என்றார் கிழவர். மீசைக்குள் சிரிப்பு அடங்கவில்லை.

"சுந்தரம்!" என்றார் பொன்னழகு.

"அக்கா, நீ என்னைய நல்லபடியாப் பாத்துக்கிட்ட. இல்லைங்கலை. ஆனா பதினாலு வருசத்துல, நான் வந்தாத்தான் ஆச்சுன்னு ஒரு வீட்டுல ஒருத்தரும் கேட்டதில்ல. இவுக கேக்கிறாக. நான் வரணும்."

பொன்னழகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்தாரோ, வியர்வையைத் துடைத்தாரோ, யாரும் உற்றுப் பார்க்கவில்லை.

நாகஜோதி அடுப்படிக்குப் போய் ரொட்டியின் அடியைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பும் போய்விட்டிருந்தது. இனி வெட்டலாம். கத்தி தடையில்லாமல் இறங்கியது. துண்டின் உள்ளே கருப்பட்டி நிறமும் பரங்கி நிறமும் கலந்து செம்மண் மாதிரி இருந்தது. விரலால் அமுக்கினால் ஈரமாக அமுங்கித் திரும்ப எழுந்தது. உதிரவில்லை.

முதல் துண்டு மாமனாருக்கு. இரண்டாவது பொன்னழகுக்கு.

பொன்னழகு ஓரத்தைக் கடித்து, மெதுவாக மென்றார். முந்நூறு பேர் சாப்பாட்டை ருசி பார்த்த நாக்கு. சௌபர்ணிகா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சுக்கு கொஞ்சம் தூக்கல்."

"ஆமா அக்கா" என்றாள் நாகஜோதி. "அது எனக்குப் பிடிக்கும்."

பொன்னழகு இன்னொரு வாய் கடித்தார். "ஈரம் நல்லா நிக்குது. முப்பத்தஞ்சுல எடுத்திருந்தா நடு வெந்திருக்காது." துண்டை முழுசாகத் தின்று முடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டார். "தாலி கட்டுறது காரைக்குடியில எங்க குலசாமி கோயில்லதான். அதுல நான் இறங்கி வரமாட்டேன்."

"நீங்க சொன்னபடியே செய்யலாம் அக்கா."

"பூவை வச்சுக்க." தட்டிலிருந்த மல்லிகையை எடுத்து அவரே நாகஜோதியின் தலையில் சொருகினார். ஏழு வருஷமாகப் பூ ஏறாத தலை. சொருகிய கை அப்படியே ஒரு கணம் அவள் தோளில் நின்றது. சௌபர்ணிகா ஓடிவந்து அம்மாவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

சேவுகப்பெருமாள் இரண்டாவது துண்டை எடுத்தார். வாய் நிறைய மென்றுகொண்டே, "அப்ப நான் தேவகோட்டைக்குப் போக வேண்டாமா?" என்றார்.

"வேண்டாம். நாளைக்குச் சாயங்காலம் நானே போய் உங்க துணியை எடுத்துட்டு வர்றேன்."

"நீ போகாத தாயி." அவர் மெல்லுவதை நிறுத்தினார். "சின்னவன்கிட்ட நான் கல்யாணத்தைப் பத்திச் சொல்லலை."

"பின்ன என்ன சொன்னீக?"

"இனிமே உன் வீட்டுல இருக்கேன்டான்னு மட்டும்தான் சொன்னேன். 'ஏன், மதினி விரட்டிட்டாகளா? என்ன நடந்துச்சு?'ன்னு குதிச்சான். நான் வாயைத் திறக்கலை. கல்யாண விசயத்தை உன் வாயாலதான் சொல்லணும்னு விட்டுட்டேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பி வந்துட்டேன்."

"அப்படின்னா, நான் உங்களை வீட்டைவிட்டு அனுப்பிட்டேன்னு அவரு நெனச்சுக்கிட்டு இருப்பாரு."

"இருப்பான்" என்றார் கிழவர் சங்கடமாக.

பேச்சு முடியுமுன்னே தெருவில் ஒரு வண்டி கிறீச்சென்று நின்றது. கதவு அறைந்து சாத்தும் சத்தம். சௌபர்ணிகா ஜன்னலை எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்தது.

"சித்தப்பாம்மா."

அழகுசுந்தரம் எழுந்தார். நாகஜோதி கையைக் காட்டி உட்காரச் சொன்னாள். முந்தானையிலிருந்த மாவைத் தட்டிவிட்டு, தலையில் வைத்த பூவோடு வாசலுக்கு நடந்தாள்.

வீரபாண்டியன் கேட்டுக்கு வெளியே நின்றான். ஒரு கையில் அப்பாவின் வேட்டி மூட்டை. முகம் சிவந்திருந்தது.

"எங்க அப்பாவை எதுக்கு மதினி வீட்டைவிட்டு அனுப்புனீக? அண்ணன் இல்லைன்னா கேக்க நாதியில்லைன்னு நெனச்சீகளா?"

"யாரும் அனுப்பலை தம்பி. மாமா உள்ளதான் உக்காந்து ரொட்டி சாப்பிடுறாக. ரெண்டாவது துண்டு." அவள் தாழ்ப்பாளை விலக்கினாள். "நல்ல நேரத்துக்கு வந்தீக. எனக்கு மறுகல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம். எங்க பக்கத்து ஆளா நீங்க இருக்கணும். உள்ள வாங்க."

வீரபாண்டியன் அப்போதுதான் அவள் தலையில் இருந்த பூவைப் பார்த்தான். வாய் பாதி திறந்தபடி நின்றது. ஒரு கால் வாசலுக்குள் வந்திருந்தது, இன்னொன்று தெருவிலேயே நின்றது.

நாகஜோதி கேட்டை இன்னும் அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டாள்.